அந்த எட்டு சதவீதம்

காலை நடை முடிந்ததும் பூங்காவில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் நாங்கள் நாலைந்து பேர் உட்காருவது வழக்கம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். போன வாரம் பேச்சு, மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றிப் போயிற்று. "தடுப்பூசிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கொடுக்கிற காசுக்கு எதுக்கு சார் இத்தனை கண்டிஷன்? கொடுத்தோமா, போனோமான்னு இருக்கக் கூடாதா?" என்று கேட்டார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்டிஷனோட வந்த பணத்தாலதான் சார் நீங்களும் நானும் பழக்கமானோம். மாட்டுவண்டிக்காரரை மறந்துட்டீங்களா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வண்டிக்காரர் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா ஒரு நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவர். திருவிழா வந்தால் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. அப்பா காலரா ஊசிப் பெட்டியோடும் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடும் தேரடியில் நிற்பார். அவர் அடிக்கடி சொல்லும் ஒரு கணக்கு உண்டு: "முனிசிபாலிட்டிக்கு முப்பது, ஜில்லா போர்டுக்குப் பன்னிரண்டரை." சிறுவயதில் இது ஏதோ வாய்ப்பாடு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது 1939-ஆம் வருஷத்து மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவிலேயே இப்படி ஒரு முழுச் சட்டம் முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான். சர்க்கார் மானியம் நீங்கலாக மற்ற வழிகளில் வரும் தன் வருமானத்தில் ஒவ்வொரு நகராட்சியும் குறைந்தது 30 சதவீதத்தையும், ஒவ்வொரு ஜில்லா போர்டும் பன்னிரண்டரை சதவீதத்தையும் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்று அதில் எழுதி வைத்தார்கள். வைத்தியச் செலவும் அதற்குள் அடங்கும்.

இதுவும் ஒரு நிபந்தனைதான். ஆனால் அதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு செலவு செய் என்று அது சொல்லிற்று. அதை எந்த ஒற்றை வேலைக்குக் கொட்டு என்று சொல்லவில்லை. காலரா வந்த ஊர் கிணறுகளுக்கு மருந்து போட்டுக்கொள்ளலாம், பிள்ளைப்பேறு மனை வேண்டிய ஊர் அதைக் கட்டிக்கொள்ளலாம். சட்டத்தில் எழுதியதை எல்லா ஊரும் செய்ததா என்று கேட்டால், அப்பா சிரிப்பார். அது வேறு கதை.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டம் பொதுச் சுகாதாரத்தை மாநிலப் பட்டியலில் வைத்தது. வேலை மாநிலத்துக்கு, பெரிய வரிகள் டில்லிக்கு. இடையில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப இரண்டு வாய்க்கால். ஒன்று நிதிக் கமிஷன் வழியாக வரும் பங்கு. இன்னொன்று, 282-ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டு திட்டக் கமிஷன் காலத்தில் பெருகிய திட்ட மானியங்கள். முதலாவதில் கேள்வி குறைவு. இரண்டாவதில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு படிவம் உண்டு. முப்பத்தாறு வருஷம் அந்தப் படிவங்களை நிரப்பியவன் என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

மலேரியாவில் முதல் பாடம் கிடைத்தது. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் அதுவே ஒழிப்புத் திட்டம். வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்துவிட்டுப் போவதும், காய்ச்சல் என்றால் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுப்பதும், வந்து போன தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போவதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சுதந்திரம் வந்த சமயத்தில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு வந்த காய்ச்சல், 1965 வாக்கில் ஒரு லட்சமாக இறங்கிற்று. இதைப் போல் ஒரு வெற்றி அதற்கு முன் இல்லை. ஆனால் திட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. தாக்குதல் கட்டம், ஒருங்கிணைப்புக் கட்டம், பராமரிப்புக் கட்டம் என்று மூன்று படி. ஒரு பகுதியில் நோய் போய்விட்டது என்று மூன்றாம் படிக்கு ஏற்றிவிட்டால், அதன் பொறுப்பு மாநிலத்தின் சாதாரண சுகாதாரப் பிரிவுக்கு வந்து சேரும். அதாவது நன்றாக வேலை செய்தால் தனிப்படை கலைந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையங்களோ அப்போது பெரும்பாலும் பெயரளவில் இருந்தன. கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது, மருந்து விலை ஏறிற்று, ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள். 1976-ல் மலேரியாக் கணக்கு நாடு முழுதும் 64 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள் என்றேனே, அந்த வேறு வேலைதான் குடும்பக் கட்டுப்பாடு.

இந்த விஷயத்தில் நம் ராஜ்யம்தான் நாட்டுக்கு முன்னோடி என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ.கோபாலசாமி பிறகு சென்னையில் தலைமைச் செயலாளராக இருந்தார். அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்குக் கையில் பணம் கொடுக்கும் முறை ஐம்பதுகளின் பிற்பகுதியில் இங்கேதான் தொடங்கிற்று. ஆளுக்கு 30 ரூபாய். அன்றைக்கு அது ஒரு கூலிக்காரருக்குப் பல நாள் சம்பளம்.

1966-ல் டில்லியில் சுகாதார அமைச்சகத்துக்குள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்றே தனித் துறை வைத்தார்கள். மாநிலங்களுக்கு இலக்கு வந்தது. செலவை மத்திய அரசே ஏற்கும் என்று வந்தது. அதே வருஷம் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன், நம் பஞ்சத்துக்கு வர வேண்டிய கோதுமைக் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அளந்து விட்டுக்கொண்டிருந்தார். விவசாயத்தில் என்ன செய்தாய், ஜனத்தொகைக்கு என்ன செய்தாய் என்று கேட்டுக் கேட்டு. டில்லிக்குக் கொடுத்தவர் டில்லிக்கு நிபந்தனை போட்டார். டில்லி மாநிலத்துக்குப் போட்டது. மாநிலம் கலெக்டருக்கு. கலெக்டர் யாருக்குப் போட்டார் என்பதைக் கடைசியில் சொல்லத் தேவையில்லை.

மாநில நிதியமைச்சர் ஒருவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பொதுச் சுகாதாரத்தில் மலேரியாவுக்கு ஒரு ஆள் போட்டால் பாதிச் செலவோ முழுச் செலவோ உங்கள் தலையில். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு ஆள் போட்டால் சம்பளம் டில்லி கொடுக்கும். எதில் பதவிகளை உண்டாக்குவீர்கள்? அதனால்தான் எங்கள் நிலையங்களில் நர்சம்மா, விரிவாக்கக் கல்வியாளர், ஜீப் டிரைவர் என்று அந்தத் தலைப்பிலேயே ஆட்கள் சேர்ந்தார்கள். 'கம்ப்யூட்டர்' என்றுகூட ஒரு பதவி இருந்தது. இயந்திரம் அல்ல, மனிதர். கணக்குக் கூட்டுவது அவர் வேலை. பின்னாளில் நிஜக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்தப் பதவியில் இருந்த ஒருவரை நாங்கள் கேலி செய்தது நினைவுக்கு வருகிறது.

ஆனால் அந்தப் பதவிகள் எல்லாம் தற்காலிகம். வருஷா வருஷம் நீட்டிப்பு ஆணை வர வேண்டும். ஆணை வராவிட்டால் டிரஷரியில் பில் பாஸ் ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் சம்பளம் வராமல் நர்சம்மாக்கள் என் மேஜைக்கு முன் வந்து நிற்பார்கள். "ஆர்டர் வந்துச்சா சார்?" என்று கேட்பார்கள். பத்து வருஷம் வேலை பார்த்தவருக்கும் அதே கேள்விதான்.

இனி 1976.

அந்த வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி நம் மாநில ஆட்சி கலைக்கப்பட்டு ஜனாதிபதி ஆட்சி வந்தது. நெருக்கடி நிலை ஏற்கனவே ஏழு மாதமாக நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில் நான் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். வயது 22. மீசை அப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது.

ஏப்ரல் 16-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சர் கரண் சிங் தேசிய மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்தார். அதில் கல்யாண வயதை உயர்த்துவது, பெண் கல்வி என்று நல்ல விஷயங்களும் இருந்தன. நான் இங்கே சொல்ல வேண்டியவை மூன்று.

மாநிலத் திட்டங்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் உதவியில் 8 சதவீதம், குடும்பக் கட்டுப்பாட்டில் அந்த மாநிலம் காட்டும் சாதனையைப் பொறுத்து என்று வைத்தார்கள். சாலை, பாசனம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வரும் உதவியில் எட்டு. இதன் பின்னால் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. 1969 முதல் இந்த உதவியைக் காட்கில் சூத்திரப்படி பிரித்தார்கள். அதில் 60 சதவீதம் ஜனத்தொகைக்கு. தலை அதிகம் இருந்தால் காசு அதிகம். பிள்ளையைக் குறை என்று ஒரு கை சொல்ல, பிள்ளை பெற்றால் பணம் என்று இன்னொரு கை சொல்லிக்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்டத்தான் இந்த எட்டு.

அதே காரணத்தால்தான், பாராளுமன்றத் தொகுதிகளுக்கும் நிதிப் பங்கீட்டுக்கும் 2001 வரை 1971 ஜனத்தொகையையே எடுத்துக்கொள்வோம் என்றும் சொன்னார்கள். குறைத்தவன் நஷ்டப்படக் கூடாது என்ற வாக்குறுதி அது.

மூன்றாவது, மே 1 முதல் அறுவை சிகிச்சைக்குப் புது விகிதம். உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டு அல்லது அதற்குக் கீழ் என்றால் 150 ரூபாய். மூன்று என்றால் 100. நான்கும் அதற்கு மேலும் என்றால் 70. மருந்து, கட்டுத்துணிச் செலவும் இதற்குள்ளேயே. குறைந்த பிள்ளைகளோடு நிறுத்துகிறவரை ஊக்குவிக்க வேண்டும் என்ற எண்ணம் காகிதத்தில் சரிதான். ஊரில் யாருக்கு நான்கு, ஐந்து பிள்ளைகள்? இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தலாம் என்று துணிகிறவர் யார்? பெற்றதில் பாதி தங்காது என்று பயந்து பெற்றவருக்குத்தான் 70 ரூபாய்.

எட்டு சதவீதம் எங்கள் ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்கிறேன். நாட்டுக்கு 43 லட்சம் இலக்கு. நம் மாநிலத்துக்கு 5 லட்சம். மாவட்டத்துக்கு இத்தனை, ஒன்றியத்துக்கு இத்தனை என்று பிரிந்து வந்தது. எங்கள் நிலையத்துச் சுவரில் கரும்பலகை ஒன்று. இடது பக்கம் பெயர், வலது பக்கம் 'கேஸ்' எண்ணிக்கை. முதலில் சுகாதார ஊழியர் பெயர்கள் மட்டும் இருந்தன. பிறகு ரெவின்யூ ஆட்கள் பெயர் சேர்ந்தது. பிறகு பள்ளிக்கூட வாத்தியார்கள். யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை; இன்கிரிமென்ட் நின்றுபோகும் என்று வாய்மொழியாக வந்தது. எங்கள் தலைமையாசிரியர் அப்போது உதவி ஆசிரியர். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகாத மனிதர், அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று அந்த விஷயத்தைப் பேச வேண்டியிருந்தது. அவருக்கு இரண்டு கேஸ்.

வடக்கே நடந்த மாதிரி போலீஸை வைத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன். நான் பார்த்தது வேறு. ஆகஸ்டு மாதம் மழை பொய்த்துக் கிடந்த நேரம். கூலி இல்லை. முகாம் நடந்த கொட்டகைக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரையும் யாரும் இழுத்து வரவில்லை. பசி இழுத்து வந்திருந்தது. என் வேலை, பட்டுவாடா ரெஜிஸ்டரில் பெயர், வயது, ஊர், உயிருடன் உள்ள குழந்தைகள், தொகை என்று எழுதி, கைநாட்டு வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுப்பது.

தலைமையாசிரியர் ஒரு வண்டிக்காரரைக் கூட்டி வந்தார். நாற்பது வயது இருக்கும். மாட்டை விற்றாகிவிட்டது, வண்டி மட்டும் நிற்கிறது என்றார். "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டேன். அஞ்சு என்றார். நாலுக்கு மேல் என்றால் எழுபது என்று நான் சொன்னதும், பக்கத்தில் பணம் வாங்கியவரைக் காட்டி, "அவருக்கு மட்டும் எப்படி சாமி கூட?" என்று கேட்டார். விளக்கினேன். அவர் தரையைப் பார்த்தபடி, "அப்ப ரெண்டுன்னு போட்டுக்க சாமி" என்றார். நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இரண்டு என்று எழுதினேன். அவருக்கும் கூடக் கிடைத்தது. எங்கள் நிலையத்துக்கும் நல்லது. இரண்டு பிள்ளைக் கேஸ் என்றால் அறிக்கையில் மதிப்பு. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். அதன் பிறகு அந்த முகாம்களில் இன்னும் சிலருக்கும் அப்படி எழுதினேன். எத்தனை பேர் என்று எண்ணவில்லை.

வருஷக் கடைசியில் நாட்டுக் கணக்கு 82 லட்சம் என்று வந்தது. அதற்கு முந்தின வருஷம் 27 லட்சத்துக்குள். நம் மாநிலமும் 5 லட்சத்தைத் தாண்டிற்று. பிறகு தேர்தல் வந்து ஆட்சி மாறியது. நீதிபதி ஷா கமிஷன் விசாரித்தபோது, அறுவை சிகிச்சையை ஒட்டி நேர்ந்த சாவுகள் என்று 1,774 கணக்குக்கு வந்தன. அடுத்த வருஷம் நாட்டில் அறுவை சிகிச்சை ஒன்பதரை லட்சத்துக்கு இறங்கிவிட்டது. மக்கள் நர்சம்மாவைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். ஜுரத்துக்கு மாத்திரை கொடுக்கப் போனவரையும்தான்.

ஜனதா அரசு 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரை எடுத்துவிட்டுக் 'குடும்ப நலம்' என்று வைத்தது. பலவந்தம் கிடையாது என்று 1977 ஜூனில் கொள்கை வெளியிட்டது. ஆனால் அந்த 8 சதவீதம் மட்டும் தொடரும் என்று அதே கொள்கையில் இருந்தது! நான் இதை முதலில் படித்தபோது நம்பவில்லை. திட்டியவர்களுக்கும் அந்த வாரை அவிழ்க்க மனம் வரவில்லை.

1978-ல் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. முத்தடுப்பு ஊசி ஊருக்குள் போக ஆரம்பித்த சமயம். எங்கள் துணை நிலையத்தில் ஒரு நர்சம்மா இருந்தார். கேரளத்திலிருந்து வந்து நம் ஊர்ப் பேச்சை நம்மைவிட நன்றாகப் பேசியவர். அவருடைய தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில், முகாம் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று, நான் எழுதிய எண்களையே மேலிருந்து ஏற்றச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் பதிவேட்டை என் மேஜையில் விரித்து வைத்தார்.

"சார், இந்த வண்டிக்காரர் வீட்டுல அஞ்சு பிள்ளைங்க இருக்கு. உங்க லிஸ்ட்ல ரெண்டு. கடைசி ரெண்டும் சின்னதுங்க, ஊசி போடணும். போட்டா எந்த வீட்டுக் கணக்குல எழுதறது?"

நான் மழுப்பினேன். அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து, பக்கத்து வீட்டில் இரண்டு குழந்தைகள் அதிகம் இருப்பதாக எழுதிக்கொண்டார். "ஊசி போய்ச் சேரணும். காகிதம் எப்படியோ போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பொய்யை நேராக்க இன்னொரு பொய். அந்த எட்டு சதவீதத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குமே அன்றைக்குத் தெரியாது. டில்லியில் ஒருவர் எழுதிய எண், ஒரு குழந்தை எந்த வீட்டில் பிறந்தது என்பதையே மாற்றி எழுத வைத்தது. பல வருஷம் கழித்துக் கோப்புகளைப் படித்தபோதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

1977-க்குப் பிறகு ஆண்கள் அந்தப் பக்கம் வருவது ஏறக்குறைய நின்றே போயிற்று. இலக்கு நிற்கவில்லை. அதனால் முழுப் பாரமும் பெண்கள் மேல் இறங்கியது. ஒவ்வொரு மார்ச்சிலும், வருஷக் கணக்கு முடிக்கிற அவசரத்தில், முகாம் நடக்கும். கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று மேலிருந்து யாரும் என்னை அந்தக் காலத்தில் போனில் கூப்பிட்டுக் கேட்டதில்லை. கேஸ் எத்தனை என்று கேட்டார்கள்.

1996 ஏப்ரலில் இலக்கு முறையையே மத்திய அரசு எடுத்துவிட்டது. எங்களுக்கு வந்த படிவத்தில் 'இலக்கு' என்ற கட்டத்துக்குப் பதிலாக 'எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு' என்று ஒரு கட்டம் இருந்தது. நாங்கள் பழைய எண்ணையே அதில் எழுதினோம்.

நம் மாநிலத்தில் பிள்ளைப்பேறு குறைந்தது இந்த முகாம்களாலா? என் அபிப்பிராயத்தில் பெரும்பாலும் இல்லை. 1976-ல் வந்த கேஸ்களில் பலர் என் வண்டிக்காரரைப் போல ஐந்து பெற்று முடித்தவர்கள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது, கல்யாண வயது தள்ளிப் போனது, 1982 முதல் சத்துணவு, துணை நிலையத்திலேயே தங்கி வேலை பார்த்த நர்சம்மாக்கள், பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை, இவைதான். 2005-06 கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை என்று வந்துவிட்டது. 2001 வரை என்று கொடுத்த வாக்குறுதியை 84-ஆவது திருத்தத்தால் தொகுதிகளுக்கு 2026 வரை நீட்டினார்கள். நிதிப் பங்கீட்டில் அப்படி இல்லை. பதினைந்தாவது நிதிக் கமிஷன் 1971 கணக்கைக் கைவிட்டு 2011 கணக்கை எடுத்துக்கொண்டது. குறைத்தவர்களுக்கென்று பன்னிரண்டரை சதவீதம் தனி மதிப்பெண் போட்டுச் சமாதானம் செய்தது. பெஞ்சில் இது நாங்கள் தினமும் சண்டை போடும் விஷயம். நான் இங்கே தொடரவில்லை.

நிபந்தனையே இல்லாமல் வந்த பணத்தையும் நான் பார்த்திருக்கிறேன். 2005-ல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் வந்தபோது, துணை நிலையம் ஒன்றுக்கு வருஷம் 10,000 ரூபாய் கட்டற்ற நிதி என்று கொடுத்தார்கள். நர்சம்மாவும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கணக்கு வைத்து, உள்ளூர்த் தேவைக்குச் செலவு செய்யலாம். அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நடந்தது என்ன தெரியுமா? முதல் வருஷம் பலர் பணத்தைத் தொடவே இல்லை. முப்பது வருஷம் ஒவ்வொரு ரூபாய்க்கும் தலைப்புக் கேட்டு வளர்ந்தவர்கள். "எதுக்கு வேணா செலவு பண்ணலாம்னா, ஆடிட்ல எதுக்கு வேணா புடிப்பாங்கதானே சார்?" என்று ஒரு நர்சம்மா கேட்டார். பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அப்போது நான் கண்காணிப்பாளர். மார்ச் நெருங்கியதும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டு மேலிருந்து போன் மேல் போன். கடைசி வாரத்தில் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார்கள். ஒரே ஒருவர் மட்டும், மழைக்காலத்தில் நிலையத்துக்கு வரும் பாதையில் கர்ப்பிணிகள் வழுக்கி விழுகிறார்கள் என்று இரண்டு லோடு கிராவல் மண் கொட்டினார். அதற்கு ஆடிட்டில் ஆட்சேபம் வந்தது. பதில் எழுதி முடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. ஆனால் முடித்துவிட்டேன். என் சர்வீஸில் நான் பெருமைப்படும் கடிதங்கள் மிகச் சில; அதில் அது ஒன்று.

இப்போது நிபந்தனை மாநிலத்தையும் நர்சம்மாவையும் தாண்டி நேரே தாயிடமே போய்விட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நம் மாநில அரசு கொடுக்கும் மகப்பேறு உதவி 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று உயர்ந்தது. தவணை தவணையாக வரும். பதிவு செய்து பரிசோதனைக்கு வந்தால் ஒன்று, அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆனால் ஒன்று, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் ஒன்று. நல்ல நிபந்தனைகள் என்றே சொல்வேன். கர்ப்பிணி நாலு தடவை நிலையத்துக்கு வந்தால் அது அவளுக்கே நல்லது. வருமானம் இழந்து வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சாப்பாடும் ஆகிறது. ஆனால் இன்னொரு வரியும் இருக்கிறது: 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். மூன்றாவது பிள்ளை சுமக்கிறவளுக்குச் சத்து வேண்டாமா? பதினெட்டு வயதில் கட்டிக் கொடுக்கப்பட்டவள் செய்த குற்றம் என்ன? எழுபது ரூபாய் வரிசையில் நின்றவரின் பேத்திகள்தான் இன்றைக்கும் அந்த வரிக்கு வெளியே நிற்கிறார்கள்.

தலைமையாசிரியர் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கே காரணம் இதுதான். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் மகளுக்கு இது மூன்றாவது. பிக்மி என்கிற கணினிப் பதிவில் நர்சம்மா ஏற்றிவிட்டார், எண் வந்துவிட்டது. பெரிய உதவித்தொகை கிடையாது என்றும் சொல்லிவிட்டார். "அந்தக் காலம்னா உங்ககிட்ட கூட்டியாந்திருப்பேன்" என்றார் தலைமையாசிரியர். அதற்கு நான் சிரிக்கவில்லை.

மத்திய அரசின் ஜனனி சுரக்ஷாவில் கிராமத்துப் பெண்ணுக்கு 700 ரூபாய் உண்டு. அதிலும் முதலில் இரண்டு பிரசவம் என்ற எல்லை இருந்தது. 2013-ல் அதையும் வயது நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் அந்தப் பெண் வந்தாள். வங்கிப் புத்தகத்தின் நகலும் வறுமைக்கோட்டுச் சான்றும் கொண்டுவந்திருந்தாள். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். உயிருடன் உள்ள குழந்தைகள் என்ற இடத்தில் கேட்டுக்கொண்டு இரண்டு என்று எழுதினேன். இரண்டுதான். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் பால்வாடிக்குப் போகிறான். நவம்பர் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.